‘மாத்த’ என்ற சொல்லுக்குப் பிறகு

1

இந்த டிசம்பரில் எங்கள் அலுவலகத்தில் ஒரே பேச்சுதான். இரண்டாயிரம் பிறக்கும்போது கம்ப்யூட்டர்கள் குழம்பிப்போகும், எல்லாவற்றையும் ஒருமுறை திறந்து பார்த்துவிடு என்று எனக்கு உத்தரவு. அதனால் நேற்று சர்வர் அறைக்குள் போய் இரும்பு அலமாரியைத் திறந்தேன். உள்ளே கேபிள்களில் சுற்றியிருந்த வெள்ளைச் சீட்டுகள் எல்லாம் நிர்மலனின் கையெழுத்தில் இருந்தன. மேலே ஆங்கிலத்தில் எண், கீழே பொடி எழுத்தில் தமிழில், ‘இதை இழுக்காதேங்கோ’. அதைப் படித்து நாங்கள் இரண்டு பேர் மட்டும்தான் சிரித்திருக்கிறோம். அந்த அலுவலகத்தில் வேறு யாருக்கும் தமிழ் தெரியாது.

கதவைச் சாத்திவிட்டுக் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றேன். சர்வர் அறையில் எப்போதும் ஏ.சி. காற்று சீறிக்கொண்டிருக்கும், யாரும் வந்து எட்டிப்பார்க்க மாட்டார்கள்.

நிர்மலன் மே மாதத்திலிருந்து இங்கே வேலையில் இல்லை. அவனுக்கு என்ன ஆயிற்று என்று ஊரில் உள்ளவர்களுக்கு எழுத வேண்டும் என்று அப்போதிருந்தே நினைப்பு. ஏனென்றால் அதில் பாதி நடந்தது இங்கே டொராண்டோவில். மீதிப் பாதி நடந்தது ஏற்காட்டுக் கடைவீதியில்.

நான் ஏற்காட்டுக்குப் பக்கத்தில் கொட்டச்சேட்டுக்காரன். பெயர் பொன்னுசாமி. இங்கே வந்த புதிதில் எல்லாப் படிவத்திலும் குடும்பப் பெயர் என்று ஒரு கட்டம் இருந்தது. எனக்குக் குடும்பப் பெயர் இல்லை என்று சொல்லிப் பார்த்தேன். கட்டத்தைக் காலியாக விட்டால் கம்ப்யூட்டர் ஏற்காது என்றார் அந்தப் பெண்மணி. அப்பா பெயரை எழுதினேன். அன்றிலிருந்து வங்கியில், ஆஸ்பத்திரியில், குடிவரவு அலுவலகத்தில் எல்லா இடத்திலும் என்னை ‘மிஸ்டர் சடையன்’ என்று கூப்பிடுகிறார்கள். கனடா எங்கே இருக்கிறது என்றுகூட அப்பாவுக்குத் தெரியாது. அலுவலகத்தில் மட்டும் ‘பான்’. பொன்னுசாமியின் முதல் துண்டு அவர்கள் வாயில் அப்படித்தான் வருகிறது.

முதல் நாள் அதைக் கேட்டதும் பக்கத்து மேசையிலிருந்து ஒருவன் சிரித்தான்.

“அண்ணை, எங்கடை ஊரிலை பாண் எண்டா கடையிலை விக்கிற ரொட்டி” என்றான்.

அவன்தான் நிர்மலன். யாழ்ப்பாணத்துப் பையன். அகதியாக வந்து, இரவில் உணவகத்தில் பாத்திரம் கழுவிப் படித்து, இந்த வேலைக்கு வந்தவன்.

2

என் வேலை என்னவென்று ஊருக்குப் போகும்போதெல்லாம் கேட்பார்கள். இந்த மே மாதம் போனபோது கேட்டவன் மாது, என் சித்தப்பா மகன். ஏற்காட்டில் ஜீப் ஓட்டுகிறான்.

“ஏனுங்கண்ணா, கம்ப்யூட்டர்ல அப்படி என்னதானுங்க பண்றீங்க?”

எங்கள் நிறுவனம் பூங்கொத்து விற்கிறது. போனிலும் இணையத்திலும் ஆர்டர் எடுத்து வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுக்கிறது. மே மாதம் இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை இங்கே அன்னையர் தினம். இங்கே உள்ளவர்கள் எல்லாரும் அம்மாவுக்குப் பூ அனுப்புவார்கள். அதற்கு முந்தைய இரண்டு நாளும் எங்கள் இணையப் பக்கத்தின்மீது ஆட்கள் வந்து விழுவார்கள். ஒரே சர்வர் தாங்காது. அதனால் மூன்று சர்வர்கள் வைத்து, அவற்றுக்கு முன்னால் லோடு பேலன்சர் என்று ஒரு பெட்டி வைத்தோம். யார் வந்தாலும் முதலில் அந்தப் பெட்டியிடம்தான் வருவார்கள். எந்த சர்வருக்கு வேலை குறைவோ அதனிடம் அது ஆளை அனுப்பும். சர்வர் சொல்லும் பதிலும் அதே பெட்டி வழியாகத்தான் திரும்பிப் போக வேண்டும்.

“ஜீப் ஸ்டாண்டுல டோக்கன் போடுற வேலையாட்டம் இருக்குதுங்க” என்றான் மாது.

அன்று சாயங்காலத்துக்குள் கொட்டச்சேடு முழுக்க, கனடாவில் நான் டோக்கன் போடுவதாகச் செய்தி பரவிவிட்டது. நானும் மறுக்கவில்லை. அதைவிட நன்றாக எனக்கும் சொல்லத் தெரியவில்லை.

அவனிடம் சொல்லாமல் விட்ட பகுதி ஒன்று உண்டு. இந்தக் கதைக்கு அது வேண்டும். ஒரே கட்டடத்தில், ஒரே சுவிட்சில் செருகியிருக்கும் கம்ப்யூட்டர்களைக்கூடத் தனித்தனிக் கூட்டமாகப் பிரித்து வைக்கலாம். அப்படிப் பிரிப்பதற்கு வீலான் என்று பெயர். ஒவ்வொரு கூட்டத்துக்கும் தனி எண் வரிசை உண்டு, அது சப்நெட். சர்வர்களை இருபது என்ற வீலானில் வைத்தோம். அலுவலக ஆட்களை முப்பதில் வைத்தோம். சர்வர் இருக்கும் இடத்தில் ஆட்கள் வந்து உட்காரக் கூடாது. உட்கார்ந்தால் சர்வர், ‘இவன் என் கூட்டத்து ஆள்தானே’ என்று லோடு பேலன்சரை விட்டுவிட்டு நேராகப் பதில் சொல்லிவிடும். கேட்டவனுக்கோ, தான் கேட்டது ஒருவரிடம், பதில் வருவது வேறொருவரிடமிருந்து. அந்தப் பதிலை அவன் கம்ப்யூட்டர் தூக்கி எறிந்துவிடும்.

இதையெல்லாம் நானும் நிர்மலனும் வாரக்கணக்கில் உட்கார்ந்து அமைத்தோம். வேலை முடிந்தால் இருவரும் ஒரே கட்டடத்துக்குத்தான் திரும்புவோம். ஸ்கார்பரோவில் எங்கள் ஃபிளாட்டுக்கு இரண்டு மாடி மேலே அவன் அறை. என் மனைவி கலா மாலையில் கணக்கியல் வகுப்புக்குப் போவாள். நான் அலுவலகத்தில் மாட்டிக்கொண்டால், எங்கள் மகன் கவினைப் பள்ளியிலிருந்து கூட்டிவந்து சோறு போடுகிறவன் நிர்மலன்தான். அதனால் ஆறு வயதுப் பிள்ளைக்கு வந்த தமிழ் எங்கள் தமிழ் இல்லை. ஊரில் என் தங்கச்சி, “சாமி, இன்னும் கொஞ்சம் சோறு போடட்டுங்களா?” என்று கேட்டால், “ஓம் அத்தை” என்பான். அவள், “பூசை பண்றானா பாருங்க” என்று சிரிப்பாள். ஏதாவது புரியாவிட்டால், “எனக்கு விளங்கேல்லை” என்பான். எங்கள் அப்பா அதைத் திருப்பித் திருப்பிச் சொல்லச் சொல்லிக் கேட்பார்.

அந்தத் தங்கச்சியின் கல்யாணத்துக்குத்தான் நாங்கள் மே மாதம் போனோம். வைகாசியில் முதல் முகூர்த்தம். எங்கள் மேலாளர் டெப்ராவுக்குப் பூ விற்கும் சமயத்தில் நான் கிளம்புவது பிடிக்கவில்லை. வெள்ளி, சனி இரண்டு மாலையும் போன் பக்கத்தில் இருக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு விட்டார்.

நிர்மலன்தான் விமான நிலையம் வரை வந்தான். “நீங்கள் யோசிக்காதேங்கோ அண்ணை. நான் பாத்துக்கொள்ளுவன். எனக்கும் இந்த வேலை நிக்கவேணும்” என்றான்.

அவன் அப்பாவும் அம்மாவும் கொழும்பில் ஒரு லாட்ஜில் ஒற்றை அறையில் இருந்தார்கள். அவர்களை இங்கே அழைக்க விண்ணப்பம் போட்டிருந்தான். அவனுக்கு நிலையான வேலையும் வருமானமும் இருப்பதைக் காட்ட வேண்டும். அம்மாவின் பெயர் மூன்று காகிதத்தில் மூன்று விதமாக எழுதப்பட்டிருந்தது. பிறப்புப் பதிவு இருந்த கச்சேரி, அதாவது அரசு அலுவலகம், சண்டையில் போய்விட்டது. ஒவ்வொன்றுக்கும் சத்தியக் கடதாசி என்று அவன் சொல்லும் பிரமாணப் பத்திரம் வாங்கி அனுப்பி, கடைசியில் எல்லாம் சரி, இனி வேலைக்கடிதத்தைப் புதுப்பித்து அனுப்பு என்ற இடத்துக்கு வந்திருந்தான்.

3

வெள்ளிக்கிழமை ஒன்றும் இல்லை. சனிக்கிழமை மாலை நான் பஸ் ஏறி ஏற்காட்டுக்கு வந்தேன். கோடை விழாக் கூட்டம் ஏரிக்கரையிலிருந்து கடைவீதி வரை நெரிந்தது. மேற்கே கருத்துக்கொண்டு வந்தது. ஜெயமேரி அக்கா தன் எஸ்.டி.டி. பூத்தில் எனக்காக நாற்காலி போட்டு வைத்திருந்தார். அந்த பூத்தின் எண்ணைத்தான் நிர்மலனிடம் கொடுத்திருந்தேன். போன், ஜெராக்ஸ், அதோடு காப்பித்தூள் பொட்டலமும் விற்கிற கடை.

“உக்காருங்க தம்பி. வெளிநாட்டுக் காலு வந்தா நான் வேற யாரையும் உடமாட்டனுங்க” என்றார்.

முதல் தூறல் விழும்போது மணி அடித்தது. டொராண்டோவில் அப்போது காலை.

“அண்ணை, நிர்மலன். கேக்குதோ?”

“கேக்குதுங்க, சொல்லுங்க.”

“இஞ்சை ஒரு பிரச்சினை. வெளியாக்களுக்கு எல்லாம் பக்கம் திறக்குது. போனிலை ஓடர் எடுக்கிற பெட்டையளுக்கு மட்டும் திறக்குதில்லை. சும்மா சுத்திக்கொண்டு நிக்குது. டெப்ரா எனக்குப் பின்னாலை வந்து நிக்கிறா.”

“அவங்கள எங்க உக்கார வெச்சிருக்காங்க?”

“புது அறையிலை. நேற்றுத்தான் மாத்தினவை. வயர் இழுக்கிறவன் வந்து, எங்கை ஓட்டை இருந்ததோ அங்கை செருகிப்போட்டுப் போயிட்டான்.”

“எந்த வீலான்ல செருகியிருக்குதுன்னு பாருங்க.”

விசைப்பலகை தட்டும் சத்தம் கேட்டது. வெளியே மழை பிடித்துக்கொண்டது.

“இருபதிலை அண்ணை.”

எனக்கு உடனே விளங்கிவிட்டது. சர்வர்கள் இருக்கும் இடத்திலேயே ஆட்களைக் கொண்டுபோய் உட்கார வைத்துவிட்டார்கள். அந்த அறையை முப்பதுக்கு மாற்றிவிட்டால் போதும், வேறு எதையும் தொட வேண்டாம். அதைச் சொல்ல வாயெடுத்தபோது அவன் முந்திக்கொண்டான்.

“சர்வருக்குப் பதில் அனுப்புற வாசல், அதுதான் கேட்வே, அதை லோடு பேலன்சரிலையிருந்து எடுத்து ரௌட்டருக்குக் குடுத்துப் பாக்கட்டோ? பதில் நேராப் போகுமெல்லோ?”

அப்படிச் செய்தால் உள்ளே இருக்கும் சிலருக்கு வந்த கோளாறு வெளியே இருக்கும் அத்தனை பேருக்கும் வந்துவிடும். நான் பதறிப்போய், “சர்வருங்க கேட்வேய மாத்த” என்றேன். ‘கூடாது’ என்று முடிப்பதற்குள் பளீரென்று வெளிச்சம். கூடவே இடி. கையில் இருந்த ரிசீவரில் ஒரு சத்தமும் இல்லை.

“ஹலோ, நிர்மலன், ஹலோ” என்று கத்தினேன். ஜெயமேரி அக்கா ரிசீவரை வாங்கிக் காதில் வைத்துப் பார்த்தார்.

“செத்துப்போச்சுங்க தம்பி. இடி உழுந்தா சேலத்து லைன் போயிருமுங்க. இனிக் காலையில ஆளு வந்து பாத்தாத்தான்.”

“வேற பூத்து ஏதாவது இருக்குமுங்களா?”

“எல்லாருக்கும் ஒரே லைன்தானுங்களே.”

நனைந்துகொண்டே டெலிபோன் எக்ஸ்சேஞ்சுக்கு ஓடினேன். ஒருவர் மெழுகுவத்தியைப் பொருத்திக்கொண்டிருந்தார். ஒரே ஒரு நிமிஷம், ஒரே ஒரு வார்த்தை சொல்ல வேண்டும் என்றேன். அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். “நான் என்ன சாமி பண்ணட்டும்? எங்க ஊட்டுக்கே பேச முடியலைங்க” என்றார்.

ஜீப் ஸ்டாண்டில் மாது இருந்தான். சேலத்துக்குப் போக வேண்டும் என்றேன். குப்பனூர் ரோட்டில் போகலாமா என்று கேட்டேன்.

“இந்த மழையில அதுல எறங்குனா நாம போய்ச் சேரமாட்டமுங்க. வளைவு ரோட்டுலயே போலாம், ஏறுங்க.”

பாதி மலை இறங்குவதற்குள் வண்டிகள் வரிசையாக நின்றன. வளைவில் ஒரு பெரிய மரம் ரோட்டுக்குக் குறுக்கே சாய்ந்து கிடந்தது. பஸ்ஸிலிருந்து இறங்கியவர்கள் குடையோடு நின்று வேடிக்கை பார்த்தார்கள். எங்கிருந்தோ அரிவாளும் ரம்பமும் கொண்டுவந்து நாலைந்து பேர் கிளைகளை வெட்ட ஆரம்பித்தார்கள். மாதுவும் நானும் போய் இழுத்தோம். வெட்டிய கிளைகளை இழுத்துப் பள்ளத்தில் தள்ளுவது, மறுபடி வந்து நிற்பது. கையெல்லாம் சிராய்த்துவிட்டது. ஒவ்வொரு முறை நிமிரும்போதும், அவன் இந்நேரம் மாற்றியிருப்பான், மாற்றியிருக்க மாட்டான் என்று மனம் அடித்துக்கொண்டது. அவன் கெட்டிக்காரன், லைன் போனதும் பொறுத்துப் பார்ப்பான் என்று ஒரு நினைப்பு. பின்னாலேயே டெப்ரா அவன் முதுகுக்குப் பின்னால் நிற்பதும் நினைவுக்கு வந்தது.

“அப்படி என்னண்ணா, உசுரு போற காரியமுங்களா?” என்றான் மாது.

“ஒருத்தனுக்கு வேலை போயிருமடா.”

“உங்களுக்குங்களா?”

“எனக்கில்ல.”

அவன் அடுத்த கிளையைப் பிடித்து இழுத்தான்.

கீழே சேலத்தில் மழையே இல்லை. பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஒரு பூத்தில் புகுந்து எண்ணைச் சுழற்றினேன். முதல் முறையே கிடைத்தது. எடுத்தது டெப்ரா.

இணையப் பக்கம் மொத்தமாக நின்றுவிட்டது என்றார். காலையிலிருந்து வெளியே ஒருவருக்கும் திறக்கவில்லை. பூக்கள் குளிரறையில் அப்படியே கிடக்கின்றன. பெட்டி விற்ற கம்பெனியிலிருந்து ஒரு ஆள் வந்து திணறிக்கொண்டிருக்கிறார். நிர்மலன் எங்கே என்றேன். வீட்டுக்கு அனுப்பிவிட்டோம் என்றார்.

வந்த ஆளிடம் பேசினேன். கேட்வேயைப் பழையபடி வை, புது அறையை முப்பதுக்கு மாற்று என்றேன். அவ்வளவுதான். நான் போனில் இருக்கும்போதே பக்கம் திறந்துவிட்டது. அந்தப் பக்கம் யாரோ கைதட்டுவதுகூடக் கேட்டது. டெப்ரா திரும்ப ரிசீவரை வாங்கி, நீ எங்களைக் காப்பாற்றிவிட்டாய் பான் என்றார்.

கல்யாணம் நன்றாகத்தான் நடந்தது. நானும் வேட்டி கட்டிக்கொண்டு பந்தியில் பரிமாறினேன்.

4

திரும்பி வந்த முதல் நாளே டெப்ராவின் அறைக்குப் போனேன். நடந்ததை அப்படியே சொன்னேன். கோளாறு நிர்மலனால் வந்தது இல்லை, ஆட்களை அந்த அறைக்கு மாற்றியதால் வந்தது. அவன் என்னிடம் கேட்டுவிட்டுத்தான் செய்தான். நான் சொன்ன பதிலில் பாதிதான் அவனுக்குப் போய்ச் சேர்ந்தது. தமிழில் ‘வேண்டாம்’, ‘கூடாது’ எல்லாம் கடைசியில்தான் வரும் என்றுகூடச் சொன்னேன். அவருக்கு அது சுவாரசியமாக இருந்தது. அப்படியா என்று புருவத்தை உயர்த்தினார்.

பிறகு, அவனை வேலையை விட்டு நீக்கிய முடிவு தன்னுடையது இல்லை, மேலிடத்தில் யாராவது ஒருவர் பொறுப்பேற்க வேண்டும் என்றார்கள் என்றார். நான் ஏற்கிறேன் என்றேன். நீ விடுப்பில் இருந்தாயே என்றார். பணியாளர் பிரிவுக்கும் எழுதிக் கொடுத்தேன். கிடைத்தது, நன்றி என்று பதில் வந்தது. அதோடு சரி.

நானும் விட்டுவிட்டுப் போய்விடட்டுமா என்று ஒருநாள் கலாவிடம் கேட்டேன். அவள் பாத்திரம் கழுவுவதை நிறுத்திவிட்டு யோசித்தாள்.

“நீங்க போயிட்டா அந்த வேலைய அவருக்குத் திருப்பிக் குடுத்துருவாங்களா?”

“மாட்டாங்க.”

“அப்பப் போயி என்னங்க ஆகப்போவுது?”

அவள் குழாயைத் திறந்துவிட்டாள். எங்கள் நிரந்தரக் குடியுரிமைக் காகிதமும் அந்த வேலையின்மேல்தான் நின்றுகொண்டிருக்கிறது.

நிர்மலன் கோழி வெட்டும் தொழிற்சாலை ஒன்றில் சேர்ந்துவிட்டான். அதற்குப் பக்கத்திலேயே யாருடனோ அறை எடுத்துக்கொண்டு எங்கள் கட்டடத்தைக் காலி செய்தான். கவினை இப்போது பக்கத்து வீட்டுப் பெண்மணி ஒருவர் பள்ளியிலிருந்து கூட்டிவருகிறார். அவர் போர்ச்சுக்கல்காரர். அவனோடு ஆங்கிலத்தில்தான் பேசுவார். “சாப்பிட்டயா கண்ணு?” என்று கேட்டால் முன்பெல்லாம் “ஓம்” என்பான். இப்போது “யா” என்கிறான். போன வாரம் ஊரிலிருந்து அப்பா பேசும்போது, விளங்கேல்லைன்னு சொல்லு சாமி என்று கெஞ்சினார். அவன் என் முகத்தைப் பார்த்தான். அப்பா என்ன கேட்கிறார் என்பதே அவனுக்குப் பிடிபடவில்லை.

5

நவம்பர் கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் நிர்மலனைப் பார்க்கப் போனேன். போன் செய்துவிட்டுத்தான் போனேன். அப்படியிருந்தும் என்னைப் பார்த்ததும், நான் வருவேன் என்று நினைக்காதவன்போல் கதவருகே நின்றான். கைவிரல்கள் வெடித்துச் சிவந்திருந்தன. தொழிற்சாலையில் நாள் முழுக்க ஐஸில் கை வைக்க வேண்டும் என்றான்.

கவினைப் பற்றிக் கேட்டான். தங்கச்சி கல்யாணப் படங்களைப் பார்த்தான். அலுவலகத்தைப் பற்றி இருவரும் பேசவில்லை. தேநீர் போட்டுக்கொண்டு வந்து வைத்தபிறகு, என்னைப் பார்க்காமல் கேட்டான்.

“அண்ணை, அண்டைக்கு லைன் கட்டானது. ‘மாத்த’ எண்டு சொன்னீங்கள். அதுக்குப் பிறகு என்ன?”

“கூடாது.”

“மாத்தக் கூடாது.” அவன் முழுசாக ஒருமுறை சொல்லிப் பார்த்தான். “நான் மாத்தவேணும் எண்டு நினைச்சன். திரும்ப எடுத்துப் பாத்தன். கிடைக்கேல்லை. எத்தினை தரம் எடுத்தன் எண்டு தெரியாது. டெப்ரா, அவர் என்ன சொன்னவர், செய், செய் எண்டு நிண்டவா.”

“அந்த அறைய மட்டும் முப்பதுக்கு மாத்தியிருந்தாப் போதும்.”

“அவ்வளவுதானோ?”

“அவ்வளவுதாங்க.”

அவன் தலையை ஆட்டினான். எனக்கு ஏதாவது சொல்ல வேண்டும்போல் இருந்தது. மன்னிப்புக் கேட்பதா, இடியைத் திட்டுவதா என்று தெரியவில்லை. அவனே, “அது உங்கடை பிழை இல்லை அண்ணை. ஆருடைய பிழை எண்டும் தெரியேல்லை” என்றான்.

அப்பா அம்மாவின் விண்ணப்பத்தைப் பற்றிக் கேட்டேன். வருமானம் போதாது என்று திரும்பி வந்துவிட்டது. மறுபடி போட, புது வேலையில் குறிப்பிட்ட காலம் நிலைத்து நிற்க வேண்டும். அதற்குள் சத்தியக் கடதாசிகள் பழசாகிவிடும், திரும்பவும் முதலிலிருந்து.

“வீட்டில சொல்லிட்டீங்களா?”

“இல்லை. அம்மா லாட்ஜிலை எல்லாருக்கும் சொல்லி வைச்சிருக்கிறா, கனடா போகப்போறம் எண்டு. என்னெண்டு சொல்லுறது?”

சொல்லி வைத்தாற்போல் போன் அடித்தது. கொழும்பிலிருந்து அம்மா. ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் பேசும் நேரம் அது. அவன் இரண்டு வார்த்தை பேசிவிட்டு, “இந்தியா அண்ணை வந்து நிக்கிறார்” என்று வாய்தவறிச் சொல்லிவிட்டான். என்னிடம் கொடுக்கச் சொன்னார் அந்த அம்மா. அவன் வேண்டாம் என்பதுபோல் பார்த்துக்கொண்டே ரிசீவரை நீட்டினான்.

“தம்பி, நீங்கள்தானே நிர்மலனோடை ஒரே இடத்திலை வேலை செய்யிறது?”

“ஆமாங்கம்மா.”

“உங்களைப் பற்றி நெடுகக் கதைப்பான். பிள்ளை வேலையிலை எப்பிடி?”

“நல்லா செய்வாருங்கம்மா. நொம்ப நல்லா செய்வாரு.”

அதுவரை நான் சொன்னதில் பொய் இல்லை.

“எங்கடை விசயம் என்ன மாதிரி எண்டு கேட்டால் ஒண்டும் சொல்லுறான் இல்லை. நீங்கள் சொல்லுங்கோ தம்பி. இவருக்கும் ஏலாமல் வருது. எங்களை எப்ப கூப்பிடுவினம்?”

நிர்மலன் ஜன்னலோரம் போய் நின்றுகொண்டான். வெளியே பனி தூவிக்கொண்டிருந்தது.

“கூப்பிடுவாங்கம்மா” என்றேன்.

“எப்பவாம்?”

நான் வாயைத் திறந்தேன். ஒரு மாதத்தின் பெயரைச் சொன்னால் போதும், அவர் அதைப் பிடித்துக்கொண்டு அது வரைக்கும் இருந்துவிடுவார். எந்த மாதத்தைச் சொல்வது? “தம்பி?” என்றார் அவர். மறுபடி, “தம்பி?”

நிர்மலன் வந்து என் கையிலிருந்து ரிசீவரை வாங்கினான்.

“அம்மா, அண்ணை வந்து கனநேரம். அவருக்குச் சாப்பாடு குடுக்கவேணும். பிறகு எடுக்கிறன்” என்று சொல்லி வைத்துவிட்டான்.

நான் சாப்பிட்டுவிட்டுத்தான் வந்திருந்தேன். அது அவனுக்கும் தெரியும். ஆனாலும் அவன் அடுப்பைப் பற்றவைத்தான், புட்டைச் சூடாக்கினான், ஒரு தட்டைக் கழுவி எடுத்து வந்து என் முன்னால் வைத்தான். அம்மாவிடம் சொன்னது பொய்யாகிவிடக் கூடாது என்பதுபோல், நான் சாப்பிட்டு முடிக்கும் வரை எதிரே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தான்.